தாத்தாவின் யூஃபோனியத்துக்கு எந்தப் பிஸ்டன் சேரும்?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சர்ச் பேண்டில் உங்கள் தாத்தா ஊதிய மூன்று வால்வு யூஃபோனியம், அதாவது கனமான ஒலி தரும் பித்தளை ஊது வாத்தியம், பரணிலிருந்து கிடைத்திருக்கிறது. பெல்லில் (விரிந்த வாய்ப் பகுதியில்) 'பூஸி அண்ட் ஹாக்ஸ், லண்டன்' என்று பொறித்திருக்கிறது. இரண்டாவது பிஸ்டன் (வால்வுக்குள் விரலால் அழுத்த ஏறி இறங்கும் உருளை) இல்லை, முதல் வால்வின் அடிமூடி இல்லை, சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாயான பெரிய ட்யூனிங் ஸ்லைடு நசுங்கிக் கிடக்கிறது, கடையில் வாங்கி வந்த மவுத்பீஸ் உள்ளே போய் ஆடுகிறது. இங்கிலாந்தில் ஒருவர் 'இதே மாடல்' என்று சொல்லி ஒரு பிஸ்டனை இணையத்தில் விற்கிறார், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஒரு பாகம் சேரும் என்பதை, காசு கொடுப்பதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கிறேன். பெரும்பாலும் பிரிட்டிஷ் வாத்தியங்கள், அப்புறம் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் செய்தவை. ஜெர்மன் ரோட்டரி வால்வு வாத்தியம் என்றால் நான் ஆள் இல்லை. உங்களுடையது நான் பழகிய பக்கத்து வாத்தியம்தான்.

பெல்லில் இருக்கும் பெயரிலிருந்து கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம். பூஸி அண்ட் கோ, ஹாக்ஸ் அண்ட் சன் என்று தனித்தனியாக இருந்த இரண்டு லண்டன் நிறுவனங்கள் 1930இல் ஒன்றாயின. ஆகவே இரண்டு பெயரும் சேர்ந்து பொறித்திருந்தால் வாத்தியம் 1930க்குப் பிற்பட்டது. 1948இல் அவர்கள் பெஸ்ஸன் நிறுவனத்தையும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு பெஸ்ஸன் பெயரில் வந்தவையும் அவர்களுடைய தயாரிப்புதான். அதனால் பிற்கால வாத்தியம் என்றால் பெஸ்ஸன் பெயரில் உள்ள பாகங்களையும் சேர்த்தே தேடலாம். 1930களின் வாத்தியத்துக்கு இது பொருந்தாது, அப்போது பெஸ்ஸன் போட்டி நிறுவனம். இரண்டாவது வால்வின் கேஸிங்கில், அதாவது பிஸ்டனைச் சுற்றி நிற்கும் வெளிக்குழாயில், சீரியல் எண் குத்தியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணை வைத்துத் தோராயமான வருடத்தைச் சொல்லும் பட்டியல்களும் இணையத்தில் உண்டு. தோராயம்தான், இரண்டு மூன்று வருடம் முன்பின் ஆகலாம்.

ஒரு எச்சரிக்கை. பெல்லில் பொறித்த பெயர், செய்தவரின் பெயராகவே இருக்க வேண்டும் என்று இல்லை. வேறு பட்டறையில் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம். லண்டன் பெயர் பொறித்த வட இந்தியத் தயாரிப்புகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எழுத்து ஆழமில்லாமல் கோணலாக இருந்தாலோ, சீரியல் எண்ணே இல்லாவிட்டாலோ, மூன்று பிஸ்டன்களிலும் 1, 2, 3 என்ற எண் குத்தாமல் இருந்தாலோ எனக்குச் சந்தேகம் வரும். அப்படி இருந்தால் லண்டன் பாகம் தேடுவது வீண், மீரட் ஜாலி கோத்தி தெருவில் விசாரிப்பதுதான் சரி.

சின்னச் சாமான்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்பிரிங், ஃபெல்ட் வட்டு, தக்கை, எச்சில் தண்ணீர் வடிக்கும் வாட்டர் கீயின் தக்கை, இவற்றுக்கு ஒரிஜினல் தேடி அலைய வேண்டாம். அளவு சேர்ந்தால் போதும். ஸ்பிரிங் மட்டும் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள், பழையதை இழுத்து நீட்டிப் போடாதீர்கள். ஃபெல்ட், தக்கை விஷயத்தில் கனம் முக்கியம். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கூடினால் பிஸ்டனின் துளையும் கேஸிங்கின் துளையும் நேருக்கு நேர் நிற்காது, ஒலி அடைத்துக்கொள்ளும். ஸ்லைடைக் கழற்றிவிட்டு, பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்தால் துளை பிறை போல மறைந்திருப்பது தெரியும்.

அடிமூடி மரை சம்பந்தப்பட்டது, ஆனால் பயப்பட வேண்டாம். முதலில் மூன்றாவது வால்வின் அடிமூடியைக் கழற்றி முதல் வால்வில் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். ஒன்றரைச் சுற்று இலேசாகப் போனால் மரை ஒன்றுதான். இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்தப் பித்தளை மெல்லியது, ஒருமுறை மரை அழிந்தால் கேஸிங்கே போச்சு. மரையை அளக்க கேஜ் இல்லையா? மெல்லிய வெள்ளைத் தாளை மரையின் மேல் இறுகச் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். வரி வரியாகப் பதியும். கால் அங்குலத்தில் எத்தனை வரி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள், அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கிடைத்துவிடும். பழைய பிரிட்டிஷ் சாமான்கள் அங்குலக் கணக்கு, இன்று சந்தையில் கிடைக்கும் பல மூடிகள் மில்லிமீட்டர் கணக்கு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் திருகும்போது மாட்டிக்கொள்ளும். அதனால் என் யோசனை, இணையத்தில் மூடி தேடாதீர்கள். மூன்றாவது வால்வின் மூடியை மாதிரிக்குக் கொண்டுபோய் நல்ல லேத்துப் பட்டறையில் கொடுங்கள். பித்தளைக் கம்பியில் கடைந்து தந்துவிடுவார். ஒன்றே ஒன்று, வாத்தியத்தையும் கையோடு கொண்டுபோங்கள், மாதிரி மூடியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மவுத்பீஸ் ஆடுவதற்குக் காரணம் எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரியும். யூஃபோனியம் மவுத்பீஸின் காம்பு மூன்று பருமனில் வருகிறது, சின்னது, நடுத்தரம், பெரியது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது சின்னது, அல்லது இன்றைய பெரிய வாத்தியங்களுக்கான பெரியது. 1970களின் நடுப்பகுதி வரை பூஸி அண்ட் ஹாக்ஸ் யூஃபோனியங்கள் நடுத்தரக் காம்பைத்தான் ஏற்கும். நீங்கள் வாங்கியது சின்னக் காம்பு, அதனால்தான் ஆழமாகப் போய் ஆடுகிறது. பெரியது வாங்கினால் நுனி மட்டும் நுழைந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். டெனிஸ் விக் நிறுவனம் பழைய வாத்தியங்களுக்கென்றே நடுத்தரக் காம்பு மவுத்பீஸ் செய்கிறது, சின்னக் காம்பை நடுத்தரமாக்கும் உறையும் கிடைக்கிறது. நூல் சுற்றுவது, பிளம்பர் டேப் சுற்றுவது வேண்டாம். காற்று கசியாமல் இருக்கலாம், ஆனால் காம்பு நிற்கும் ஆழம் தவறினால் மேல் ஸ்வரங்கள் இடம் மாறும். மவுத்பீஸுக்காக வாத்தியத்தின் வாயைக் கடைந்து அகலமாக்குவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது திரும்ப வராது.

இப்போது பிஸ்டன். உங்கள் கவலையில் முக்கால்வாசி இதுதான், நான் சொல்ல நினைப்பதிலும் முக்கால்வாசி இதுதான். பிஸ்டன் என்பது ஒரு ஸ்கூட்டர் பாகம் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்குகிற சாமான் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் கேஸிங்குக்குள்ளேயே விட்டு, மெல்லிய சாணைப்பசை தடவி, சுழற்றித் தேய்த்து, அந்த ஒரு கேஸிங்குக்கு மட்டும் சேரும்படி செய்திருப்பார்கள். பிஸ்டனின் விட்டத்துக்கும் கேஸிங்கின் விட்டத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு வரை, மில்லிமீட்டரில் சொன்னால் 0.025 முதல் 0.05. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. இதைவிடக் குறைந்தால் பிஸ்டன் ஒட்டும். கூடினால் காற்று கசியும், ஊதுகிறவர் மூச்சு வாங்கிப்போவார், ஆனாலும் ஒலி உருளாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் உங்களைப் போல்தான் நினைத்தேன். ஒரு கார்னெட்டுக்கு மூன்றாவது பிஸ்டன் வேண்டியிருந்தது. மாடல் ஒன்று, சீரியல் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில்தான். வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் பணம் அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினேன். பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, கேஸிங்கின் வாயில் வைத்தேன். அரை அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. மைக்ரோமீட்டரில் அளந்தால் பழைய இடத்துக்கு வேண்டியதைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு கூடுதல். தேய்த்துக் குறைக்க நான்கு நாள் ஆனது. கடைசியில் சேர்ந்தது, ஆனால் மேல் பூச்சு ஓரிடத்தில் போய்ப் பித்தளை தெரிந்தது. அந்த பேண்டு மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் இல்லை. அதிலிருந்து, விட்டத்தை அளந்து எழுதி அனுப்பாத எவரிடமும் நான் பிஸ்டன் வாங்குவதில்லை.

ஆகவே அந்த விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது 'சேருமா' என்பது இல்லை. பிஸ்டனின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். மொத்த உயரமும் வேண்டும். பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி நான்கு படம் கேளுங்கள், ஏனென்றால் துளைகளை எண்ண வேண்டும். சாதாரணப் பிஸ்டனில் மூன்று குழாய்வழிகள், ஆகவே ஆறு வாய்கள் இருக்கும். ஆனால் பூஸி நிறுவனத்தில் இருந்த பிளேக்லி என்பவர் 1870களில் காப்புரிமை பெற்ற 'காம்பென்ஸேட்டிங்' முறை ஒன்று உண்டு. மூன்றாவது வால்வை அழுத்தும்போது காற்று திரும்ப முதல் இரண்டு வால்வுகளின் வழியாகவும் ஒரு சுற்றுப் போய் வரும், அதில் சின்னக் குழாய்கள் கூடுதலாகச் சேர்ந்து சுருதி சரியாகும். அந்த வாத்தியத்தின் பிஸ்டனில் வாய்கள் அதிகம். உங்கள் வாத்தியத்தின் வால்வுகளுக்குப் பின்பக்கம் விரல் நீளத்தில் குட்டிக் குட்டி வளைவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது காம்பென்ஸேட்டிங், சாதாரணப் பிஸ்டன் சும்மா கொடுத்தாலும் பயன் இல்லை.

கேஸிங்கின் உள்விட்டத்தை நீங்கள் வெர்னியரில் அளக்க முயலாதீர்கள், அந்த நுணுக்கத்துக்கு வெர்னியர் போதாது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்திருக்கும் எஞ்சின் பட்டறையில் பத்து நிமிட வேலை. அளவு வந்ததும் கணக்கு எளிது. வருகிற பிஸ்டன் கொஞ்சம் பருமனாக இருந்தால் தேய்த்துச் சேர்க்கலாம். கொஞ்சம் மெலிந்திருந்தால் நிக்கல் முலாம் ஏற்றி, பிறகு தேய்த்துச் சேர்க்கலாம். இரண்டும் நடக்கிற வேலைதான், ஆனால் வாத்தியத்துக்கென்று செய்து பழகியவர் செய்ய வேண்டும். நகைக்கு முலாம் போடுகிறவரிடம் கொடுத்தால் கனம் சீராக வராது. வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து ஆறு என்று போனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதற்கும் முன்னால், மிச்சமிருக்கும் இரண்டு பிஸ்டன்களின் நிலை தெரிய வேண்டும். முதல் வால்வில் இரண்டு சொட்டு வால்வு எண்ணெய் விட்டுப் போடுங்கள். பிஸ்டனை அழுத்தாமல், அதன் ஸ்லைடை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, மூன்று எண்ணிவிட்டு பிஸ்டனை அழுத்துங்கள். 'பக்' என்று பாட்டில் மூடி திறக்கிற மாதிரி சத்தம் வந்தால் வால்வு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. சத்தமே இல்லை என்றால், ஸ்லைடு கசியாமல் இருக்கும் பட்சத்தில், பிஸ்டன் தேய்ந்துவிட்டது. மூன்றாவதிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் தேய்ந்திருந்தால் ஒரு பிஸ்டனுக்காக அலைவதில் அர்த்தம் இல்லை. கசியும் இரண்டுக்கு நடுவில் நல்லது ஒன்றை வைத்து என்ன செய்வது? மூன்றுக்கும் சேர்த்து முலாம் ஏற்றும் பெரிய வேலை அது, அல்லது வீட்டில் நினைவாக வைத்துக்கொள்ளும் முடிவு. இரண்டுமே தவறான முடிவு இல்லை.

ட்யூனிங் ஸ்லைடை இப்போது வாங்கவே வாங்காதீர்கள். பிரிட்டிஷ் பேண்டு வாத்தியங்கள் 1960களின் நடுப்பகுதி வரை 'ஹை பிட்ச்' என்ற உயர்ந்த சுருதியில் செய்யப்பட்டன. இன்று ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு, அன்று அவர்களுக்கு 452.5. கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி உயரம். யூஃபோனியத்தின் மொத்தக் குழாய் ஏறக்குறைய 2.9 மீட்டர், அதில் இந்த வித்தியாசம் சுமார் 8 சென்டிமீட்டர் நீளம். அதாவது ஸ்லைடின் ஒவ்வொரு காலும் 4 சென்டிமீட்டர் வேறுபடும். வால்வு ஸ்லைடுகளும் அதே விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சம் நீள வேண்டும், பெரிய ஸ்லைடை மட்டும் மாற்றினால் சில ஸ்வரங்கள் இழுக்கும். உங்களுடையது எந்தச் சுருதி என்பதைப் பிஸ்டன் இல்லாமல் ஊதிப் பார்க்க முடியாது. பிஸ்டன் வந்ததும், ஸ்லைடுகளை முழுக்க உள்ளே தள்ளி, எதையும் அழுத்தாமல் ஒரு நீண்ட ஸ்வரம் பிடித்து, போனில் ட்யூனரை 440இல் வைத்துப் பாருங்கள். முள் 50 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு மேலே நின்றால் பழைய உயர் சுருதி. ஊரில் பெரியவர்கள் இருந்தால் ஒன்று கேளுங்கள்: பேண்டு சர்ச் ஆர்கனோடு சேர்ந்து வாசித்ததுண்டா, அல்லது ஊர்வலத்துக்கும் அடக்கத்துக்கும் தனியாக மட்டும்தானா? ஆர்கனோடு வாசித்திருந்தால் உயர் சுருதியாக இருக்க வாய்ப்பு குறைவு. இது சான்று இல்லை, குறிப்புதான். நசுங்கிய ஸ்லைடைப் பொறுத்தவரை, பித்தளை நசுங்கலை எடுப்பது பாகம் தேடுவதைவிடப் பல மடங்கு எளிது. உருண்டையை உள்ளே விட்டுத் தட்டி எடுத்துவிடலாம். தூக்கி எறியாதீர்கள்.

இரண்டு காரியம் வீட்டில் செய்யக் கூடாது. குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். வெளியே பளபளக்கும், ஆனால் புளிப்பு ஸ்லைடுகளுக்குள் தங்கிப் பித்தளையை அரிக்கும், பிஸ்டன் மேல் பட்டால் பூச்சுக்கும் கேடு. பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். அப்புறம், பாத்திரத்துக்குப் பற்று வைக்கிறவரிடம் வால்வுப் பக்கம் நெருப்பு காட்டக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பட்டறையில் சூடுபட்டு வந்த கேஸிங் ஒன்று லேசாக நீள்வட்டமாகிவிட்டது, அதில் எந்தப் பிஸ்டனும் பிறகு ஓடவில்லை. மவுத்பீஸ் சொருகும் குழாயையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவில் கறுப்பும் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே குழாய் உள்ளிருந்தே மெலிந்திருக்கும், மற்றதற்குச் செலவழிக்கும் முன் இது தெரிய வேண்டும்.

தனிப் பிஸ்டனுக்குப் பதிலாக, அதே மாடலில் ஓட்டை உடைசலான முழு வாத்தியம் ஒன்று மலிவாகக் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன். பெல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பிஸ்டனோடு மூடி, ஸ்லைடு, ஸ்பிரிங் பெட்டி, விரல் பொத்தான் எல்லாம் ஒரே மரை, ஒரே அளவில் வந்துவிடும். அதிலும் பிஸ்டன் நேராகச் சேரும் என்று உறுதி தர மாட்டேன். உங்கள் வாத்தியத்தை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்து ஆயிரத்தில் ஒரு பங்கை யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பணம் செலவழிக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிஸ்டன் தானாகத் தொலைவது அபூர்வம். ஒரே செட்டாக வாங்கிய பேண்டுகளில், ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு ஒரு வாத்தியத்தின் பிஸ்டனைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஊதிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த சர்ச்சில் பழைய பேண்டு சாமான்கள் வைத்த அலமாரி இருக்கும். அங்கே இன்னொரு யூஃபோனியம் இருந்தால் அதன் இரண்டாவது வால்வைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டனில் '2' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வாத்தியத்தின் சீரியல் எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ குத்தியிருக்கலாம், எல்லாவற்றிலும் இருக்காது. அது உங்கள் கேஸிங்கில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால், துடைத்து எண்ணெய் விட்டு மெதுவாக இறக்கிப் பாருங்கள். அதுவரை இங்கிலாந்துக்காரருக்குப் பதில் போட வேண்டாம். அலமாரியில் எதுவும் கிடைக்காவிட்டால் சீரியல் எண்ணையும், 'பக்' சோதனையில் என்ன ஆனது என்பதையும், கேஸிங்கின் உள்விட்டத்தையும் இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.